அப்பாவும் மாமாவும் பூட்டிய பின் ஆக்ஸில்

என் கல்யாணத்துக்குச் சில வாரங்களே இருந்தன. பத்திரிகை கொடுத்து முடியவில்லை, தையல்காரர் ஜாக்கெட்டைத் தரவில்லை, பெரியப்பா ஒருவர் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா அதையெல்லாம் விட்டுவிட்டு எங்கள் காரின் பின் ஆக்ஸிலை, அதாவது பின்சக்கர அச்சை, பிரித்துப் போட்டார். ஏன் என்று கேட்டால், சத்தம் வருகிறது என்றார். அந்தச் சத்தம் நான் பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்திலிருந்தே வந்துகொண்டுதான் இருந்தது.

அது ஒரு ஊளை. கார் கொஞ்சம் வேகம் எடுத்தால் பின்சீட்டுக்கு அடியிலிருந்து கிளம்பும், வேகம் குறைந்தால் அடங்கும். காக்ஸ் டவுனில் எங்கள் தெருமுனையைக் கார் திரும்புவதற்கு முன்பே ஊளை வீட்டுக்குள் வந்துவிடும். தெருநாய்கள் மரியாதைக்கு ஒரு பதில் ஊளை விடும். அம்மா டீக்குத் தண்ணீர் வைப்பாள். எல்லோருக்கும் வசதியாக இருந்த சத்தம்.

"என் பொண்ணு சர்ச்சுக்குப் போற வண்டி அழுதுகிட்டே போகக் கூடாது" என்றார் அப்பா.

அந்தக் காலத்தில் மந்திரிகளும் டாக்ஸிக்காரர்களும் ஒரே மாதிரி வைத்திருந்த குண்டு வெள்ளைக் கார்தான் எங்களுடையதும். நான் பிறந்ததற்கு மறுவருஷமோ என்னவோ அப்பா அதைப் பழையதாக வாங்கியிருந்தார். என்னைக் கல்யாணக் கோலத்தில் அதில் உட்காரவைத்து, தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. அந்த ஆசை எனக்கு இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஏசி டாக்ஸி போதும் என்று சொல்லியிருப்பேன்.

ஜீவனஹள்ளியில் பின் ஆக்ஸில் வேலைக்கென்றே பேர்போன மெக்கானிக் ஒருவர் இருந்தார். எல்லோரும் பாய் என்றுதான் சொல்வார்கள். அப்பா முதலில் அவரிடம்தான் போனார். பாய் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஷாதி முடிச்சுட்டு வாங்க சாப். ஓடுற வண்டிய இப்போ ஏன் நோண்டுறீங்க?" என்றார். நியாயமான பேச்சு. ஆனால் 'நோண்டுறீங்க' என்ற சொல் அப்பாவைக் குத்திவிட்டது. வரும்போதே புது பேரிங்குகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரிய பெரிய இயந்திரங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவர் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தார். அங்கே அவர் இருந்தது டைம் ஆபீஸில். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் சொல்லாமல் வெளியே போனார் என்று பார்ப்பது அவர் வேலை. ஆனால் ரிட்டயர் ஆகி வந்த அன்று, அந்த ஃபேக்டரியின் மொத்தத் தொழிலறிவும் மாலையோடும் சுவர்க் கடிகாரத்தோடும் சேர்ந்து தன்னுடன் வீட்டுக்கு வந்துவிட்டதாக நம்பினார்.

அவருக்குத் துணை என் மாமா, அம்மாவின் தம்பி. கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, கடந்து போன ஊர்களையே பார்த்துக்கொண்டு காலம் தள்ளியவர். அவருக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று அம்மா கேட்டால், "ஆக்ஸில் இன்ஜின்லயா இருக்கு? பின்னாடிதானே இருக்கு? பின்னாடி எல்லாம் என் டிபார்ட்மென்ட்டு" என்பார். அப்பாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் 'மச்சான்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்தச் சொல்லைக் கோபமாகவும் சொல்வார்கள், கொஞ்சலாகவும் சொல்வார்கள். ஆக்ஸில் வேலை நடந்த நாட்களில் பெரும்பாலும் கோபமாகத்தான் கேட்டது.

கார் காம்பவுண்டுக்குள், மூக்கை வாசல் கேட்டுப் பக்கமும் முதுகை வீட்டுப் பின்சுவர்ப் பக்கமும் வைத்து நின்றது. பின்புறத்தை ஜாக்கியில் தூக்கி, செங்கல்லும் மரக்கட்டையும் முட்டுக் கொடுத்தார்கள். கியர் ஆயிலை வடித்தபோது அது மினுமினுவென்று இருந்தது. மாமா அதை விரலில் தொட்டு வெயிலில் பிடித்துப் பார்த்து, "சூப்பரா ஜொலிக்குது மச்சான்" என்றார். ஜொலித்தது எல்லாம் தேய்ந்த இரும்புத் தூள். பிறகு பின்சக்கரங்களைக் கழற்றி, இரண்டு பக்கத்துத் தண்டுகளையும் உருவி, நடுவில் இருந்த பெரிய இரும்பு மண்டையை, டிஃபரன்ஷியல் என்று சொல்வார்களே அதை, ஆளுக்கொரு பக்கம் பிடித்து முனகிக்கொண்டே வெளியே எடுத்தார்கள். எடுத்த கையோடு, தான் ஒழுங்கானவர் என்பதைக் காட்ட அப்பா ஒவ்வொரு பாகத்திலும் சாக்பீஸால் அடையாளம் போட்டார். மண்டையின் மேல்பக்கத்தில் பெரிதாக ஒரு அம்புக்குறியும் போட்டார்.

மறுநாள் அப்பாவும் மாமாவும் பத்திரிகை கொடுக்கப் போயிருந்தபோது அம்மா பின்பக்கம் வந்து பார்த்தாள். கல்யாண வீட்டில், துணி துவைக்கும் கல்லைச் சுற்றிக் கறுப்பு கறுப்பாக இரும்புச் சாமான்கள் எண்ணெய் வழியக் கிடந்தன. அம்மாவால் பொறுக்க முடியவில்லை. வெந்நீர் போட்டு, சோப்புத் தூளைக் கரைத்து, தேங்காய் நார் கொண்டு அத்தனையையும் தேய்த்துக் கழுவி, முறத்திலும் தாம்பாளத்திலும் பரப்பி மாடிப்படியில் காயவைத்துவிட்டாள். ஒரு பக்கம் வற்றல், ஒரு பக்கம் பல்சக்கரம். மண்டையை மட்டும் தூக்க முடியாததால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து தேய்த்தாள்.

அப்பா வந்து முறத்திலிருந்து ஒரு பல்சக்கரத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மார்க் போட்டிருந்தேனேடி."

"அழுக்கா இருந்துச்சு. கழுவிட்டேன். இப்போ எப்படி இருக்கு பாருங்க, புது எவர்சில்வர் மாதிரி."

உண்மையில் அப்படித்தான் இருந்தது.

நான் இந்த விஷயத்தில் தலையிட்டது தற்செயலாகத்தான். ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் உதவியாளராக இருந்தேன். கல்யாணத்துக்கு முந்தைய வாரம்வரை லீவு கிடைக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், வீட்டுப் பின்புறம் ஒரே சத்தம். பழைய பேரிங்குகளைக் கழற்றி, புதியவற்றைப் பாயின் பட்டறையில் கொடுத்து அழுத்தி மாட்டிக்கொண்டு வந்துவிட்டிருந்தார்கள். பினியன் என்கிற சின்னப் பல்சக்கரமும் கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரமும் மண்டைக்குள் மறுபடியும் ஏறியிருந்தன. இரண்டும் சரியாகக் கடித்துக்கொள்கின்றனவா என்பதில்தான் சண்டை.

"கரெக்டா இருக்கு மச்சான்."

"இல்ல மச்சான், இறுக்கமா இருக்கு."

"புதுசு அப்படித்தான் இருக்கும்."

"அப்போ பழசையே போட்டிருக்கலாமே!"

நான் பையைக் கூடக் கீழே வைக்காமல் குனிந்து அந்தப் பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். ஒரு இடத்தில் நெரடியது. கிளினிக்கில் பல் அடைத்து முடித்ததும் நோயாளியின் பற்களுக்கு நடுவே மெல்லிய நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்வோம். எங்கே அழுத்தம் விழுகிறதோ அங்கே நீலம் ஒட்டும். அந்த இடத்தை டாக்டர் கொஞ்சம் ராவிவிடுவார். என் பையில் அந்தத் தாள் எப்போதும் கிடக்கும்.

"கடி சரியில்லப்பா" என்றேன்.

இருவரும் என்னை ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டதைப் போலப் பார்த்தார்கள். நான் ஒரு பல்லைத் துணியால் துடைத்து, தாளை வைத்து, "சுத்துங்க மாமா" என்றேன். மாமா சுற்றினார். பல்லின் நுனியில், ஓரமாக, ஒரு நீலக் கீற்று விழுந்திருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. பல் நடுவில் கடிக்க வேண்டும் என்பதற்கு இன்ஜினியரிங் தேவையில்லை. மனிதனுக்கும் அதே விதிதான்.

அன்றிலிருந்து நானும் சேர்ந்துகொண்டேன். பினியனுக்குப் பின்னால் ஷிம் என்று மெல்லிய தகடு வளையங்களைப் போடுவார்கள். ஒன்றைச் சேர்த்தால் பினியன் கொஞ்சம் முன்னால் வரும், ஒன்றை எடுத்தால் பின்னால் போகும். வளையத்தை மாற்று, மாட்டு, நீலத்தாள் வை, சுற்று, பார், மறுபடியும் கழற்று. இதையே நாள்தோறும் சாயங்காலம் செய்தோம். முகத்துக்கு மஞ்சளும் கடலைமாவும் பூச வேண்டிய நேரத்தில் நான் முழங்கைவரை கியர் ஆயில் பூசிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணெயின் வாடை அழுகிய முட்டையும் கந்தகமும் கலந்த ஒன்று. என்ன சோப்புப் போட்டாலும் போகாது. கிளினிக்கில் ஒரு நோயாளி வாயைத் திறந்துகொண்டே மூக்கைச் சுளித்தார். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த வாரங்களில் கல்யாண வேலைகளிலேயே எனக்குப் பிடித்திருந்தது அது ஒன்றுதான். மற்ற வேலைகளில் எல்லாம் யாராவது எனக்குப் புத்தி சொன்னார்கள்.

அப்படி ஒரு சாயங்காலம் மாப்பிள்ளை வந்து நின்றார். ஆஸ்டின் டவுன்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அதிகம் பேசமாட்டார். மோதிர அளவு பார்க்க, கடையிலிருந்து மாதிரி வளையங்களை ஒரு கம்பியில் கோத்துக் கொண்டுவந்திருந்தார். நான் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு பேன்ட்டை முழங்காலுக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு குந்தி, "டார்ச் புடிக்கட்டுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை வைத்துத்தான் இவரோடு காலம் தள்ளலாம் என்று நான் முடிவு செய்தேன். அதற்கு முன்பு வீட்டார்தான் முடிவு செய்திருந்தார்கள்.

மோதிர அளவும் அங்கேயே பார்த்தோம். கியர் ஆயில் பூசிய விரலில் எந்த மோதிரமும் வழுக்கிக்கொண்டு ஏறும் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

கடைசியில் ஒரு நாள் நீலம் பல்லின் நடுவில், அவரைவிதை அளவுக்கு அழகாக விழுந்தது. ஒவ்வொரு பல்லிலும் விழுந்தது. அப்பா என் தலையில் கைவைத்தார், கை எண்ணெயோடு. மாமா, "கட்டிக்கப்போறவன் அதிர்ஷ்டசாலி, பல்லும் பாத்துக்கலாம், வண்டியும் பாத்துக்கலாம்" என்றார். பாகத்தைக் காரில் ஏற்றிப் பூட்டுவது மட்டும்தான் பாக்கி. அன்றைக்குச் சாயங்காலம் சர்ச்சில் ஒத்திகை என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. ஜாக்கியில் நின்றபடியே இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார்களாம். சக்கரங்கள் வெண்ணெய் மாதிரி சுற்றினவாம், சத்தமே இல்லையாம். எந்தப் பக்கம் சுற்றின என்று பார்க்க வேண்டும் என இருவருக்கும் தோன்றவில்லை. சக்கரம் சுற்றினால் சந்தோஷப்படுவதுதானே மனித இயல்பு.

கல்யாணத்தன்று காலையில் காரைக் கழுவித் துடைத்து, முன்னால் வெள்ளை ரிப்பன் கட்டி, கதவுக் கைப்பிடிகளில் ரோஜாவும் சம்பங்கியும் செருகியிருந்தார்கள். நான் வெள்ளைப் பட்டும் முக்காடுமாகப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அம்மா. முன்னால் கோட்டும் டையுமாக அப்பா, அவர் பக்கத்தில் மாமா. அண்டை வீட்டார் எல்லாம் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்கள். மாமா சின்னதாக ஒரு ஜெபம் சொன்னார். அப்பா சாவியைத் திருகினார், முதல் கியரைப் போட்டார், கிளட்சை மெதுவாக விட்டார்.

கார் மெதுவாக, மிக மரியாதையாக, பின்னால் போனது.

"மச்சான், ரிவர்ஸ்ல போட்டுட்டீங்க" என்றார் மாமா.

"ஃபர்ஸ்ட்ல தான்யா போட்டேன்."

மறுபடியும் போட்டார். கார் மறுபடியும் பின்னால் போய், துணி துவைக்கும் கல்லில் இடித்து நின்றது. "கையெடுங்க, நான் பாக்கறேன்" என்று மாமா கியர்த் தண்டை இரண்டாவதில் தள்ளினார். இப்போது இன்னும் வேகமாக இடித்தது. கல்மேல் இருந்த வாளி உருண்டு போனது. வெளியே நின்றவர்களில் யாரோ, "வரமாட்டேங்குது பாரு, பொண்ணு போக மனசில்லாம இருக்கு" என்று உருக்கமாகச் சொன்னார்கள்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அந்த இரும்பு மண்டை வட்டமானது. சுற்றிலும் சீராக போல்ட் துளைகள். எந்தப் பக்கம் மேல் வந்தாலும் துளைகள் பொருந்தும், போல்ட் ஏறும். ஆனால் தலைகீழாக மாட்டினால் கிரவுன் சக்கரம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய்விடும். இன்ஜின் முன்னால் போகச் சொன்னால் சக்கரங்கள் பின்னால் சுற்றும்.

"தலைகீழா மாட்டிட்டீங்க" என்றேன். "இப்போ இந்த வண்டிக்கு ரிவர்ஸ் கியர் நாலு. முன்னாடி போறதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"எது?" என்றார் அப்பா.

"ரிவர்ஸ்."

அப்பா ரிவர்ஸ் கியரைப் போட்டார். கார் முன்னால் நகர்ந்து கேட்டுப் பக்கம் வந்தது. அவர் உடனே பிரேக்கை மிதித்தார்.

"ஆட்டோ புடிச்சிட்டு வாங்க" என்றாள் அம்மா. "ரெண்டு ஆட்டோ. இவங்க ரெண்டு பேரும் இங்கேயே உக்காந்து ஆக்ஸிலப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

அப்பா திரும்பவில்லை. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. டை முடிச்சு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. மாமா மடியில் இருந்த கைக்குட்டையை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார். இரண்டு கிழவர்களும் அழுதுவிடுவார்கள் போல இருந்தது. எனக்கு அந்தக் காரின்மேல் பெரிய பாசம் ஒன்றும் இல்லை என்று ஏற்கெனவே சொன்னேன். ஆனால் அந்த டிஃபரன்ஷியல் என்னுடையதும்தான். ஒவ்வொரு பல்லிலும் நான் நீலம் பார்த்திருக்கிறேன். அதை விட்டுவிட்டு ஆட்டோவில் போக எனக்கு மனம் வரவில்லை.

"ரிவர்ஸ்லயே போங்கப்பா" என்றேன்.

"ஆஸ்டின் டவுன் சர்ச் வரைக்குமா?"

"முன்னாடிதானே போகுது?"

அப்படித்தான் கிளம்பினோம். பழைய ஊளை உண்மையிலேயே போய்விட்டிருந்தது. ஆனால் ரிவர்ஸ் கியர் இவ்வளவு தூரம் ஓடுவதற்குச் செய்யப்பட்டதல்ல. அது கிறீச்சென்று ஒரே ராகத்தில் கத்த ஆரம்பித்து, கடைசிவரை நிறுத்தவில்லை. வேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு கடலை வண்டிக்காரர் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்களோடு சமமாகவே வந்து, உள்ளே குனிந்து பார்த்து, அம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, எங்களைத் தாண்டிப் போனார். ஆட்டோக்களில் வந்த எங்கள் சொந்தக்காரர்கள் கையாட்டிக்கொண்டே கடந்து போனார்கள். கோபித்துக்கொண்டிருந்த பெரியப்பா மட்டும் ஸ்கூட்டரில் பக்கத்தில் வந்து, "என்னடா, இவ்வளவு நிதானமா போறே? எனக்காகக் காத்திருந்தியா?" என்று கேட்டார். அப்பா சளைக்காமல் "ஆமாண்ணே" என்றார். கோபம் தீர்ந்தது.

ஒரே ஒரு ஆபத்து இருந்தது. எங்கேயாவது நின்று கிளம்பினால், அப்பாவின் கை பழக்க தோஷத்தில் முதல் கியருக்குப் போய்விடும். அல்சூரில் ஒரு மாட்டுக்காக நின்றபோது அப்படித்தான் ஆனது. கார் பின்னால் துள்ளி, ஒரு பால் வேனின் மூக்கைத் தொடப்போய் நின்றது. அதன் பிறகு மாமா கியர்த் தண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தக் கார்களில் அது ஸ்டியரிங்கை ஒட்டியே இருக்கும். அதனால் அவர் அப்பாவின் மடியில் பாதி சாய்ந்த மாதிரி உட்கார வேண்டியிருந்தது.

"கைய எடுய்யா, வளைக்க முடியல."

"சும்மா இரு மச்சான். ரோட்டப் பாரு."

அம்மா என் முக்காடு ஜன்னல் வழியாகப் பறக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டு, "கர்த்தரே, கர்த்தரே" என்றாள். அதில் பக்தி எவ்வளவு, எரிச்சல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

டிரினிட்டி சர்க்கிள் மேட்டில் ஏறும்போது இன்ஜின் கொதித்து, முன்னால் ஆவி கிளம்பியது. நடுச்சாலையில் நின்றோம். பின்னால் ஹாரன்கள். ட்ராஃபிக் போலீஸ்காரர் விசிலோடு வந்தார்.

"ஏனாய்த்து சார்? பேக தெகீரி" என்றார். என்ன ஆச்சு, சீக்கிரம் எடுங்கள் என்று.

மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தன் அருமையான ரயில்வே கன்னடத்தில், கார் ரிவர்ஸில் போகிறது என்று விளக்கினார்.

போலீஸ்காரர் காரின் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். "முந்தக்கே தானே ஹோக்தா இத்து?" முன்னால்தானே போய்க்கொண்டிருந்தது?

"ஹௌது சார். ரிவர்ஸ் ஹாக்கிதரே முந்தக்கே ஹோகத்தே." ஆமாம், ரிவர்ஸ் போட்டால் முன்னால் போகும்.

"ஃபர்ஸ்ட் ஹாக்கிதரே?"

"பேடா சார்" என்றார் மாமா, மிகுந்த வேதனையோடு. வேண்டாம் சார்.

போலீஸ்காரர் குனிந்து பின்சீட்டில் என்னைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, சாலையின் நடுவுக்குப் போய் இரண்டு கைகளையும் விரித்து, எல்லாப் பக்கத்து வண்டிகளையும் நிறுத்தினார். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக் கிளம்பும்வரை விடவில்லை. அந்தச் சர்க்கிளை மந்திரி கடப்பதுபோலக் கடந்தோம், கிறீச்சிட்டுக்கொண்டு.

சர்ச் வளாகத்துக்குள் நுழைந்தபோது பாட்டு ஆரம்பித்துவிட்டிருந்தது. படிக்கட்டில் மாப்பிள்ளை நின்றிருந்தார், கோட் போட்டு, கழுத்து வியர்த்து. சுற்றிலும் இரண்டு குடும்பமும். அப்பா காரைப் படிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். எல்லோரும் பெருமூச்சு விட்டோம். மாமா இறங்கி, எனக்குக் கதவைத் திறக்கப் பின்பக்கம் வந்தார்.

கியர்த் தண்டைப் பிடித்துக்கொள்ள இப்போது யாரும் இல்லை. கார்க் கதவு, படியில் விரித்திருந்த கம்பளத்துக்கு நேராக வரவில்லை, இன்னும் ஒரு முழம் முன்னால் போனால் நன்றாக இருக்கும் என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. சந்தோஷத்தில் முதல் கியரைப் போட்டுவிட்டார். கிறீச்சென்ற சத்தம் எதுவும் இல்லாமல், வெண்ணெய் மாதிரி, கார் என்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது. மாமா கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி கூடவே ஓடிவந்து, ரோஜாப்பூவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் கண்ணாடி வழியாகப் படிக்கட்டில் இருந்த முகங்களைப் பார்த்தேன். எல்லாம் சின்னதாகிக்கொண்டே போயின. மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி வாயில் கையை வைத்துக்கொண்டாள். வளாகத்தின் கேட்டு வரைக்கும் போய்த்தான் அப்பாவின் கால் பிரேக்கைக் கண்டுபிடித்தது.

மாப்பிள்ளை அந்த நீள வழியெல்லாம் நடந்து வந்தார். ஓடவில்லை. ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"மனசு மாறிடுச்சா?"

"மனசு மாறல. கியர் மாறிடுச்சு" என்றேன்.

அவர் கதவைத் திறந்து கையை நீட்டினார். ஒருவர் வாசலில் காத்திருக்க ஒருவர் வந்து சேர வேண்டும் என்ற ஒழுங்கை விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் கேட்டிலிருந்து ஒன்றாகவே நடந்து போனோம். பின்னால் அப்பா, அம்மா, மாமா. பாட்டுக்காரர்கள் ஏற்கெனவே பாடி முடித்த பாட்டை முதலிலிருந்து தொடங்கினார்கள். உள்ளே, மோதிரம் போடும் நேரத்தில் அது என் விரல் கணுவைத் தாண்டவில்லை. அவர் தள்ளினார், நான் தள்ளினேன். பாஸ்டர் பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் பாதி விரலில் நின்ற மோதிரத்தோடு ஆமென் சொன்னார்கள்.

யார் தலைகீழாக மாட்டினார்கள் என்பது இன்றுவரை தீரவில்லை. தான் பிடித்தது அடிப்பக்கம், திருப்பியது மச்சான்தான் என்றார் அப்பா. நான் போல்ட் மட்டும்தான் முடுக்கினேன் என்றார் மாமா. இருவரும் சில வேளைகளில் ஒற்றுமையாகி, அம்புக்குறியைக் கழுவிய அம்மாதான் காரணம் என்பார்கள். அம்மா அதற்குப் பதிலே சொல்லமாட்டாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இருக்காது. பல வருஷங்கள் கழித்து, மாமா நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோது, அப்பா அவர் காதருகே குனிந்து, "இப்பவாவது சொல்லு மச்சான், நீதானே?" என்று கேட்டதை நானே பார்த்தேன். மாமாவால் பேச முடியவில்லை. ஊசி குத்தியிருந்த கையை மெதுவாகத் தூக்கி, ஆள்காட்டி விரலை அப்பாவின் நெஞ்சுக்கு நேராக நீட்டினார். ஓடிவந்த நர்ஸ் அவர் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தாள். மாமா பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். அப்புறம் கேட்டால், ஆமாம், தண்ணீர்தான் கேட்டேன் என்கிறார்.

காரைக் கல்யாணத்தன்றே கயிறு கட்டி இழுத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மறுவீட்டு விருந்துக்கு நானும் அவரும் காக்ஸ் டவுனுக்குப் போனபோது, அது பழையபடி ஜாக்கியில் நின்றுகொண்டிருந்தது. வாசலில் ஆரத்தி எடுத்து முடிப்பதற்குள் அப்பா, "மாப்ள, ஒரு கை புடிக்கணும்" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை புதுச் சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு பனியனோடு வந்தார். நான் பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

மண்டையை வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்தோம். பல் எதுவும் கெடவில்லை. நீலத்தாள் வைத்துப் பார்த்தேன். கடி நடுவிலேயே இருந்தது. இந்த முறை மாமாவும் சேர்ந்து நால்வருமாகத் தூக்கி, 'இதுதான் மேல், இதுதான் மேல்' என்று நால்வருமே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, துளைக்குத் துளை பார்த்து ஏற்றினோம். அவர் ஒவ்வொரு போல்ட்டையும் எதிரெதிராக, கணக்கு வாத்தியாருக்கே உரிய ஒழுங்கில் முடுக்கினார். விருந்துக்குச் செய்த பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

ஜாக்கியை இறக்கியதும் அப்பா சாவியை என்னிடம் நீட்டினார். எனக்கு அவ்வளவாக ஓட்டத் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் ஏறி உட்கார்ந்தேன். அவர்கள் மூன்று பேரும், யாரும் சொல்லாமலேயே, காருக்கு முன்னாலும் நிற்காமல் பின்னாலும் நிற்காமல் பக்கவாட்டில் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அம்மா மட்டும் துணி துவைக்கும் கல்மேல் இருந்த வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் முதல் கியரைப் போட்டேன். கார் முன்னால் போனது, கேட்டைத் தாண்டி, தெருவுக்கு. சத்தமே இல்லை. நாய்களுக்கு நாங்கள் வந்தது தெரியவில்லை. ஒன்று நடுத்தெருவில் படுத்தே கிடந்தது. ஹாரன் அடித்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது.